எறும்புக்கு ஆறு கால் என்று யார் சொன்னது?

என் தங்கையின் கணவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை நாலு பக்கம். அதன் வாலில் தொங்கும் மேற்கோள் பட்டியல், கடைசியில் அச்சேறியபோது, பத்தொன்பது பக்கம். இரண்டுக்கும் நடுவே நடந்ததைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நான் ஓய்வு பெற்றவன். எனக்கென்று வேலை எதுவும் இல்லை. ஆகவே எல்லோருடைய வேலையும் எனக்குத் தெரியும். தவிர, அவர்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருக்கிறேன். கீழே தேநீர் கொதிக்கும் வாசனை வந்தால் படியிறங்கிவிடுவேன்.

நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்று தங்கை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அநியாயம். நான் நிறையவே கூட்டிச் சொல்வேன். ஆனால் இந்த விஷயத்தில் கூட்டுவதற்கு அந்த ஆய்விதழ்க்காரர்கள் இடமே வைக்கவில்லை.

மாப்பிள்ளை கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். தற்காலிகம். பதினோரு வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் இன்னும் ஒரு வருடம் வரலாம் என்று ஒரு கடிதம் வரும். அதைப் பார்த்த பிறகுதான் மனிதர் அந்த வருடத்துக்கான செருப்பு வாங்குவார். இந்த முறை கல்லூரி தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜூன் முப்பதுக்குள் 'உயிரின ஆய்விதழ்' ஒரு கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் கொண்டுவந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஜூலை முதல் தேதி காலையில் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

கட்டுரைக்கான விஷயம் வீட்டு வாசலறையிலேயே கிடைத்தது. தங்கை அங்கே இரண்டு மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். ஒருநாள் மிஷின் எண்ணெய் கவிழ்ந்து சுவரோரமாக நீளமாக ஓடியது. அந்த வழியாகத்தான் எறும்புகளின் நெடுஞ்சாலை. ஒன்றிரண்டு வந்து எண்ணெயில் காலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. மூன்றாம் நாள் தங்கை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. இதுங்க ரோடு போடுதுங்க."

போட்டுக்கொண்டுதான் இருந்தன. மிஷின் அடியில் விழுந்து கிடந்த நீலப் பிசிறையும் நூல் துண்டையும் ஒவ்வொன்றாக இழுத்து வந்து எண்ணெயின் மேல் பரப்பி, மிதித்துச் சமன் செய்து, அதன்மேல் நடந்து போயின. பொதுப்பணித் துறை பார்த்திருந்தால் வெட்கத்தில் ராஜினாமா செய்திருக்கும்.

மாப்பிள்ளை அப்படியே தரையில் குப்புறப் படுத்தவர்தான். நாற்பது நாள். அளவு கொடுக்க வந்த பிள்ளைகள் அவரைத் தாண்டிக் குதித்துப் போனார்கள். எத்தனை எறும்பு, எத்தனை பிசிறு, எந்த நேரம் என்று ஒரு குறிப்பேடு நிரப்பினார். நடுவில் ஒன்பது நாள் காய்ச்சலில் சுருண்டு படுத்தார். ஆனாலும் குறிப்பேட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. அது எப்படி என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பிறகு நாலு பக்கம் எழுதினார். நேர்மையான மனிதர். இதை முதலில் கவனித்தவர் என் மனைவி என்று இரண்டாவது வரியிலேயே எழுதி அனுப்பினார்.

எட்டாம் நாள் கட்டுரை திரும்பி வந்தது. 'தங்கள் கட்டுரை எங்கள் வழக்கப்படி படிக்கப்படாமல் திருப்பி அனுப்பப்படுகிறது' என்று கடிதம் பெருமையோடு ஆரம்பித்தது. மேற்கோள் பட்டியல் முறைப்படி இல்லையாம். முறை எது என்று தெரிந்துகொள்ள அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு இணைத்திருந்தார்கள். அந்தக் கையேட்டுக்கான மேற்கோள் பட்டியல் தனித் தொகுதி. விரும்பினால் கேட்டுப் பெறலாம்.

சாப்பாட்டு மேசையைக் காலி செய்துவிட்டு நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தோம். ஒரு புத்தகத்தைக் குறிப்பிட வேண்டும் என்றால் ஆசிரியர் பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி, தலைப்பெழுத்துக்குப் பின் ஒரு புள்ளி, புத்தகப் பெயர் வலப்பக்கம் பன்னிரண்டு பாகை சாய்வு. ஆண்டை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். ஆசிரியர் உயிரோடு இருந்தால் வளைந்த அடைப்புக்குறி. காலமாகியிருந்தால் சதுர அடைப்புக்குறி. எது என்று தெரியாவிட்டால் கட்டுரையாளர் சொந்த முயற்சியில் விசாரித்து உறுதி செய்ய வேண்டும்.

விசாரிக்கும் பொறுப்பை நான் விரும்பி ஏற்றுக்கொண்டேன். பட்டியலில் இருந்த ஒரு மூத்த பூச்சியியல் பேராசிரியரின் எண்ணைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் அழைத்தேன். அவரே எடுத்தார். ஐயா உயிரோடு இருக்கிறீர்களா, அடைப்புக்குறிக்காகக் கேட்கிறேன் என்றேன்.

"எந்த இதழ்னு புரிஞ்சுது," என்றார் பேராசிரியர். "இப்போதைக்கு வளைவாவே போடுங்க. ஆனா சீக்கிரம் அச்சடிக்கச் சொல்லுங்க."

இரண்டாம் முறையும் திரும்பி வந்தது. இந்தத் தடவை அடைப்புக்குறி எல்லாம் சுத்தம். ஆனால் 'எறும்புக்கு ஆறு கால்கள்' என்ற வாக்கியத்துக்கு மேற்கோள் இல்லை. யார் சொன்னது என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை, 'நானே எண்ணினேன்' என்று எழுதி அனுப்பினார். மூன்றாம் முறை திரும்பி வந்தது. கட்டுரையாளர் தாமே எண்ணுவது ஆதாரம் ஆகாது. வேறொருவர் எண்ணியிருக்க வேண்டும். அதுவும் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் எண்ணியிருக்க வேண்டும் என்பது விதி. எறும்பின் கால் பழசாகிவிடும் போலிருக்கிறது.

நூலகத்துக்குப் போனோம். மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு கட்டுரையில் எறும்புக்கு ஆறு கால் என்று இருந்தது. அதை எழுதியவருக்கு யார் சொன்னது என்று பார்த்தால், அதற்கு முன் எழுதியவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு அவருக்கு முன்னவர். இப்படியே பதினேழு கட்டுரை பின்னால் நடந்தோம். பதினேழு பேரில் ஒருத்தர்கூடக் குனிந்து ஒரு எறும்பைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசியில், தொட்டால் பொடியும் ஒரு தாளில், எல்லாவற்றுக்கும் மூலமான அந்த வரி இருந்தது: 'எறும்புக்கு ஆறு கால்கள் (எங்கள் தோட்டக்காரர் நேரில் சொன்னது).'

உலகத்து எறும்பெல்லாம் அந்தத் தோட்டக்காரர் புண்ணியத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறது. அவர் அன்றைக்கு ஐந்து என்று சொல்லியிருந்தால் நிலைமை என்ன என்று நான் கேட்டேன். மாப்பிள்ளைக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஆனால் ஒரு நன்மை விளைந்தது. 'நேரில் சொன்னது' என்று ஒரு வகை இருப்பது தெரிந்தது. கையேட்டின் நானூற்று எண்பத்தெட்டாம் பக்கம் அதை அனுமதிக்கிறது. ரோடு போட்ட விஷயத்துக்கு நேராக, 'தையல்காரர், நேரில் சொன்னது' என்று போட்டு அனுப்பினார்.

நாலாம் முறை கட்டுரை திரும்பவில்லை. மாப்பிள்ளையை நேரில் வரச் சொல்லி ஓலை வந்தது. துணைக்கு நானும் போனேன். கூப்பிடாத இடத்துக்குப் போக ஓய்வூதியக்காரனைப் போல் வேறு யாரால் முடியும்?

மேற்கோள் பிரிவு நாலாம் மாடியில் ஒரு நீளமான அறை. நாலு மேசை. முதல் மேசையில் பூதக்கண்ணாடியோடு ஒருவர் காற்புள்ளிகளை மட்டும் பார்த்தார். இரண்டாம் மேசை அம்மாள் அடைப்புக்குறிகள். மூன்றாம் மேசைக்காரர் கோணமானி வைத்து எழுத்துச் சாய்வை அளந்துகொண்டிருந்தார். நாலாம் மேசை ஆண்டுகள். நாலு பேரும் ஒவ்வொரு கட்டுரையையும் 'மேற்கோள்கள்' என்ற தலைப்பு இருக்கும் பக்கத்தில்தான் திறந்தார்கள். அதற்கு முந்தைய பக்கங்களை ஒரு கவ்வியால் சேர்த்துக் கவ்வி வைத்திருந்தார்கள், கை தவறிக்கூடக் கண் போய்விடாமல். தப்பான காற்புள்ளியை அடிப்பது கிடையாது. சின்னதாக ஒரு துளைப்பானால் வெட்டி எடுத்துவிடுவார்கள். அறை முழுக்க வெட்டுப்பட்ட காற்புள்ளிகள் தவிடு மாதிரி சிதறிக் கிடந்தன.

மூலையில் இன்னொருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, நிபுணர்களுக்குப் போகும் பிரதிகளில் ஆசிரியர் பெயரைக் கறுப்பு மையால் பூசிக்கொண்டிருந்தார். எழுதியவர் யாரென்று நிபுணருக்குத் தெரியக் கூடாது அல்லவா? இருபது வருடமாகப் பூசுகிறாராம். பூசும்போது கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். அந்த வித்தைக்காகவே அவரை வேலைக்கு எடுத்ததாகக் காற்புள்ளிக்காரர் சொன்னார்.

பிரிவுத் தலைவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தார். மேசைமேல் சாசரில் சர்க்கரை வழியும் தேநீர். மேசைக் கால்கள் நாலையும் சுற்றித் தரையில் எண்ணெய் வட்டம் பளபளத்தது. மாப்பிள்ளையின் பார்வை அங்கேயே நிற்பதைக் கண்டு, எறும்புத் தொல்லைக்காக ஊற்றச் சொல்லியிருப்பதாகத் தலைவர் விளக்கினார். பிறகு எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தம் சேவையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு கட்டுரைகூடப் படிச்சதில்ல," என்றார். "படிச்சா ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்தா காற்புள்ளி கண்ணுக்குத் தெரியாது. என்னைக் கேட்டா கட்டுரைங்கறதே மேற்கோள் பட்டியலுக்கு ஒரு முன்னுரை, அவ்வளவுதான். நானும் ஒரு புஸ்தகம் போட்டிருக்கேன். அதுல என் சொந்த வாக்கியம் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. ரெண்டாம் பதிப்புல அதையும் எடுத்துட்டேன். இப்ப அதுல யாரும் ஒரு தப்பு சொல்ல முடியாது."

எடுத்த வாக்கியம் என்னவோ என்று நான் பணிவாகக் கேட்டேன். நன்றியுரையாம்.

பிறகு மாப்பிள்ளையின் தாளை எடுத்து, தையல்காரர் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"யாரு இது?"

"என் மனைவி சார்," என்றார் மாப்பிள்ளை.

"அது உறவு. நான் கேக்கறது தகுதி. எங்கயாவது அச்சுல வந்திருக்காங்களா?"

"இல்ல சார். ஆனா அவங்கதான் முதல்ல பார்த்தாங்க."

"பாக்கறது யார் வேணா பாக்கலாம் தம்பி. அச்சுல வரலைன்னா பார்த்ததா அர்த்தமில்ல."

தோட்டக்காரருக்கு மட்டும் என்ன தகுதி என்று நான் கேட்டேன். அவரைப் பதினேழு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றார் தலைவர்.

அன்று மாலை தங்கைக்கு விஷயம் தெரிந்ததும், ஒரு காலரைத் தைத்து முடித்துவிட்டு, சங்கச் செய்தி மடலுக்கு அரைப் பக்கம் எழுதினாள். தையலர் சங்கம் மாதம் இருமுறை போடும் மடல் அது. 'மிஷின் எண்ணெய் சிந்தினால் உடனே துடையுங்கள். விட்டுவைத்தால் எறும்பு பிசிறைக் கொண்டுவந்து ரோடு போட்டு, துணி அடுக்கு வரைக்கும் வந்துவிடும்' என்பது சாரம். ஐந்தாம் நாள் அச்சில் வந்தது. மடலின் ஆசிரியரே தொலைபேசியில் கூப்பிட்டு, எந்த மிஷின், என்ன எண்ணெய் என்று இரண்டு சந்தேகம் கேட்டார். எழுதியதைப் படித்திருந்தார். ஆய்வுலகப் பழக்கவழக்கம் தெரியாத மனிதர்.

இப்போது தங்கைக்குத் தகுதி வந்துவிட்டது. ரோடு பற்றி எந்த வாக்கியம் எழுதினாலும் மேற்கோள் வேண்டும். ரோடு பற்றி உலகத்தில் எழுதியிருப்பது அவள் ஒருத்திதான். ஆகவே நாலு பக்கத்துக்குள் அவளை இருபத்து மூன்று இடத்தில் மேற்கோள் காட்டினார். ஐந்தாம் முறை அனுப்பியதும் 'பட்டியல் தூய்மை' என்று முத்திரை குத்திய அட்டை வந்தது. இனி நிபுணர் மதிப்பீடு ஒன்றுதான் பாக்கி. மே மாதம் முடிந்திருந்தது.

நிபுணரை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கட்டுரையைப் படித்தால்தானே எதைப் பற்றியது என்று தெரியும், படிப்பதோ வழக்கமில்லை. எனவே பட்டியலில் யார் பெயர் அதிகத் தடவை வருகிறதோ அவரே அந்தத் துறையில் பெரிய ஆள் என்று கணக்கு. எண்ணிப் பார்த்தார்கள். பூச்சியியல் பேராசிரியர் இரண்டு முறை. தையல்காரர் இருபத்து மூன்று முறை.

ஜூன் நாலாம் தேதி தங்கை பெயருக்குப் பதிவுத் தபால் வந்தது. 'அறிஞர் பெருந்தகை அவர்களுக்கு' என்று தொடங்கியது. உள்ளே மாப்பிள்ளையின் கட்டுரை. ஆசிரியர் பெயர் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை. கூடவே ரகசியக் காப்பு விதிகள். ஒன்பதாம் விதி: நிபுணர் யார் என்பதை ஒருவரும் வெளியிடக் கூடாது, கட்டுரையாளருக்குத் தெரிந்தால் கட்டுரை ரத்து, இரண்டு ஆண்டுகளுக்கு அவர் எதுவும் அனுப்ப முடியாது.

தங்கை மேல்மாடிக்கு வந்து எனக்கு மட்டும் காட்டினாள். நான் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது.

"சிரிக்காத அண்ணே," என்றாள். "அவருக்குத் தெரிஞ்சா வேலை போச்சு. நான் எழுதி அனுப்பற வரைக்கும் நீ கீழ வராத. உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்."

மறுநாளே மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் தேடி, வெட்டி வைத்த சீருடைத் துணிக்கு அடியில் கை விட்டிருக்கிறார். தாம் கையால் வரைந்த இரண்டாம் படம் வெளியே வந்திருக்கிறது. முகம் வெளுத்துப் படியேறி வந்தார்.

"மச்சான், எனக்கு ஒண்ணும் தெரியாது."

"என்ன தெரியாது மாப்ள?"

"எதுவுமே தெரியாது. எனக்குத் தெரியாதுங்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு சொல்ல வந்தேன்."

அப்புறம் அந்த வீட்டில் நடந்த கூத்தை நான் படிக்கட்டில் உட்கார்ந்தே அனுபவித்தேன். வாசலறைக்குள் நுழையும் முன் மாப்பிள்ளை மூன்று முறை இருமுவார். உள்ளே தாள் சரசரவென்று துணிக்கடியில் போகும் சத்தம் கேட்கும். பிறகு இவர் கூரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போவார். சாப்பிடும்போது தங்கை பொதுவாகக் கேட்பாள்: ஊரில் யாரோ ஒருத்தர் 'பாகுநிலை' என்று எழுதினால் அதற்கு என்ன அர்த்தம்? மாப்பிள்ளை சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார்: யாராவது அப்படி எழுதியிருந்தால், எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறாராக இருக்கும், ஆனால் யார் எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

அவள் அந்தக் கட்டுரையை நாலு முறை படித்தாள், பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டு. எழுதி எட்டு மாதம், ஐந்து முறை தபாலில் போனது, நாலு மேசை, ஒரு தலைவர். முழுசாகப் படித்த முதல் ஆள் அவள்தான்.

ஜூன் பதினாறாம் தேதி நிபுணர் கருத்துரை அலுவலகம் வழியாக மாப்பிள்ளைக்கு வந்தது. அதே வீட்டிலிருந்து போய், ஊரைச் சுற்றி, அதே வீட்டுக்கு வந்தது. மூன்று கருத்து. ஒன்று: பிசிறு என்று மட்டும் இருக்கிறது, நீலப் பிசிறு என்று எழுதவும். இரண்டு: படத்தில் எண்ணெய்க் கோடு நேராக இருக்கிறது, மிஷின் கால் பக்கம் அது வளைய வேண்டும். இது நிபுணருக்கு எப்படித் தெரியும் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாவதைப் படித்துவிட்டுத்தான் மாப்பிள்ளை மேலே வந்தார். என் கையில் கொடுத்தார்.

'பதினோராம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை எறும்புகளை எண்ணியது யார்? குறிப்பேட்டில் அந்த நாட்களில் கையெழுத்து வேறாக இருக்கலாம் என்று ஐயுறுகிறேன்.'

காய்ச்சலில் இவர் கிடந்த ஒன்பது நாளும் மிஷினை நிறுத்திவிட்டுத் தரையில் படுத்து எண்ணியவள் அவள். சீருடை தாமதமாகிறது என்று பள்ளியிலிருந்து வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனதுகூட எனக்கு நினைவு வந்தது. கட்டுரையில் 'கட்டுரையாளர் நாற்பது நாட்கள் தொடர்ந்து கவனித்தார்' என்று இருந்தது.

நான் கெட்ட யோசனைகளுக்குப் பேர் போனவன். ஒரே வரி, நானே எண்ணினேன் என்று எழுதுங்கள், முடிந்தது என்றேன். உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்பதையும் கையேட்டிலிருந்தே எடுத்துக் காட்டினேன். முந்நூற்று ஒன்றாம் பக்கம்: தகவல் திரட்டியவர் கட்டுரையாளர் ஆவார். முந்நூற்று இரண்டாம் பக்கம்: கட்டுரையாளரே நிபுணராக இருந்தால் கட்டுரை ரத்து. இன்னும் பதினாலு நாள்தான் இருந்தது.

மாப்பிள்ளை கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கேட்டது யாருன்னு எனக்குத் தெரியாது மச்சான். முன்பின் தெரியாத ஆள்கிட்ட எப்படிப் பொய் சொல்றது?"

மூன்று நாள் மனிதர் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். எனக்குத் தங்கைமேல்தான் கோபம். இவள் ஏன் இதைக் கிளப்ப வேண்டும்? மாப்பிள்ளை கல்லூரிக்குப் போனதும் இறங்கிப் போய்க் கேட்டேன். அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"படிவத்துல 'ஐயம் இருந்தால் எழுதுக'ன்னு ஒரு கட்டம் போட்டிருந்தாங்க அண்ணே. எனக்கு இருந்தது அந்த ஒரு ஐயம்தான். மறந்துட்டாரா, மறைச்சிட்டாரா? வீட்ல கேக்க வாய் வரல. கட்டம் போட்டுக் கேட்டாங்க, எழுதிட்டேன்."

"வேலை போனா?"

அவள் மிஷினை ஓட்டத் தொடங்கிவிட்டாள்.

பத்தொன்பதாம் தேதி மாப்பிள்ளை பதிலைத் தபாலில் சேர்த்தார். சேர்க்கும் முன் எனக்குக் காட்டினார். 'மாண்புமிகு அநாமதேய நிபுணர் அவர்களுக்கு. அந்த ஒன்பது நாளும் எனக்குக் காய்ச்சல். எண்ணியவர் என் மனைவி. எழுதும்போது அது நினைவில் இருந்தது. ஒரு பெயர் இருந்தால் கல்லூரிக்குப் போதும் என்று விட்டுவிட்டேன். தவறு. அவர் பெயரை முதல் பக்கத்தில் என் பெயருக்கு மேலே சேர்த்திருக்கிறேன். தங்கள் கேள்விக்கு நன்றி.'

அன்று மாலையே கல்லூரி அலமாரியைக் காலி செய்து, உள்ளே இருந்ததை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். ஒரு குடை, ஒரு தேநீர்க் கோப்பை, நுண்ணோக்கிக்கான கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டி. பதினோரு வருடத்துக்கு அவ்வளவுதான் சேர்ந்திருந்தது. பையைத் தங்கையின் துணி மேசைக்குக் கீழே வைத்தார். அவள் பார்த்துவிட்டு, துணி அடுக்கை நகர்த்தி அதற்கு இடம் விட்டாள்.

இருபத்தைந்தாம் தேதி மத்தியானம். மேல்மாடியில் இருந்தால் எனக்கு மிஷின் சத்தம் கடிகாரச் சத்தம் மாதிரி. ஓடும்போது காதில் விழாது. சட்டென்று நின்றது. நான் இறங்கிப் போனபோது தங்கை மடியில் ஒரு பதிவுத் தபால் உறை பிரிந்து கிடந்தது. திருத்திய கட்டுரை, நிபுணர் பார்வைக்கு. கட்டுரையாளரின் பதில் கடிதத்தை உடன் இணைக்காமல் விட்டிருந்தார்கள். சேர்க்கும் வேலை நாலு மேசையில் எந்த மேசைக்கும் உரியதல்ல. அவள் முதல் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கறுப்பு மைக்காரர் பாதிக் கண்ணோடு அழகாகப் பூசியிருந்தார்.

"முன்னாடி ஒரு பட்டைதான் அண்ணே இருந்துச்சு," என்றாள்.

இப்போது இரண்டு இருந்தன. மேலே ஒன்று, கீழே ஒன்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிவத்தின் கட்டத்தில் 'ஐயம் தீர்ந்தது' என்று எழுதினாள். நானே ஓடிப்போய்த் தபாலில் சேர்த்தேன். என் வயதில் ஓடினேன் என்றால் நம்ப மாட்டீர்கள், வேகமாக நடந்தேன்.

முப்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு ஏற்புக் கடிதம் வந்தது. முதல் பக்கத்தைப் பார்க்கும் மேசையே அங்கே கிடையாது என்பதை நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். தான் பங்கெடுத்த கட்டுரையைத் தானே மதிப்பிட்டு, தன்னையே இருபத்து மூன்று முறை சாட்சிக்கு அழைத்து, தானே தேர்ச்சி கொடுத்த ஒரே அறிஞர் என் தங்கை. எல்லாம் விதிப்படி. கல்லூரி அன்று சாயங்காலமே மாப்பிள்ளையை நிரந்தரம் ஆக்கியது. குடை, கோப்பை, பெட்டி மூன்றும் மறுநாள் அலமாரிக்குத் திரும்பின.

கட்டுரை அச்சாகி மூன்று வாரம் கழித்து இன்னொரு கடிதம். 'தங்கள் கட்டுரையில் கடும் பிழை கண்டறியப்பட்டுள்ளது. கட்டுரையாளர்கள் இருவரும் நேரில் வரவும். தவறினால் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, கல்லூரிக்குத் தெரிவிக்கப்படும்.'

இருவரும் என்று எழுதியிருக்கிறார்களே, கண்டுபிடித்துவிட்டார்கள் என்றார் மாப்பிள்ளை. பேருந்தில் வழியெல்லாம் அவர் உள்ளங்கையை வேட்டிக்காரன் போலத் தொடையில் துடைத்துக்கொண்டே வந்தார், போட்டிருந்ததோ கால்சட்டை. தங்கை ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். இந்த முறை நான் யோசனை எதுவும் சொல்லவில்லை.

தலைவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. இதழைத் திறந்து மேசையில் வைத்து, கோணமானிக்காரரைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"பதினாலாவது மேற்கோள்," என்றார். "சாய்வு பதினோரு பாகை. பன்னிரண்டு இருக்கணும். எனக்கு ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல."

மாப்பிள்ளை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். தலைவர் ஒரு பாகையின் புனிதத்தைப் பற்றியும், இப்படியே விட்டால் ஆய்வுலகம் எங்கே போய் விழும் என்பதைப் பற்றியும் பேசத் தொடங்கினார். பிழைதிருத்தம் ஒன்று வெளியிட இணங்குவதாக இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். தங்கை முதலில் போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்தவள் என் முழங்கையை இடித்தாள்.

மேசைக் காலைச் சுற்றி எண்ணெய் வட்டம் அப்படியேதான் இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, அதன்மேல் வெட்டுப்பட்ட காற்புள்ளிகள் நெருக்கமாகப் பரப்பி மிதிக்கப்பட்டிருந்தன. அதன் வழியாக ஒரு வரிசை ஏறி, மேசை விளிம்பைக் கடந்து, சாசருக்குப் போய்க்கொண்டிருந்தது. தலைவர் கோப்பையை எடுத்தார், உள்ளே பார்த்தார், கீழே வைத்தார்.

"வர வழியே இல்ல. எண்ணெய் ஊத்தியிருக்கு."

"ரோடு போட்டிருக்குதுங்க சார்," என்றாள் தங்கை. "கீழ குனிஞ்சு பாருங்க."

தலைவர் மெல்ல எழுந்து, மண்டியிட்டு, மேசைக்கடியில் தலையை விட்டார். வெகு நேரம் வெளியே வரவில்லை. முப்பது வருடத்தில் அவர் ஒன்றைக் கண்ணால் நேரே பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும். காற்புள்ளிக்காரர், அடைப்புக்குறி அம்மாள் எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார்கள். கடைசியில் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்த தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இதுக்கு மேற்கோள் இருக்கா?"

"இருக்கு சார்," என்றார் மாப்பிள்ளை. "உங்க மேசையில இருக்கற இதழ்லதான். நாப்பத்தோராம் பக்கம்."

தலைவர் இதழைப் பார்த்தார். விரல் நாற்பத்தோராம் பக்கத்து விளிம்பு வரை போய் நின்றது.

"இதை யாராவது படிச்சிருக்காங்களா?"

"ஒருத்தங்க படிச்சாங்க," என்றாள் தங்கை.

"யாரு?"

"சொல்லக் கூடாது சார். ஒன்பதாம் விதி."

தலைவர் மரியாதையோடு தலையசைத்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் கடைசியாக வந்த எறும்பு ஒரு காற்புள்ளியைத் தூக்கிக்கொண்டு எண்ணெய் ஓரத்தில் நின்று, இடம் பார்த்து இறக்கி வைத்தது. அதற்கு ஆறு கால். நானே எண்ணினேன்.